ஒளியில் இயங்கும் அயனி பம்புகள்: நுண்ணுயிரின் சவ்வுக்குள் நடப்பது என்ன?

ஒளி அயனியைத் தள்ளுவதில்லை. ஒளியால் இயங்கும் அயனி பம்புகளைப் பற்றிப் படிக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். பெயரைக் கேட்டதுமே, சூரிய ஒளி வந்து மோதி அயனியைச் சவ்வுக்கு அப்பால் விரட்டுவதாக ஒரு படம் தோன்றிவிடுகிறது. நடப்பது அதுவல்ல. ஒளி செய்வது ஒரே ஒரு வேலைதான்: புரதத்துக்குள் பொதிந்திருக்கும் சிறு மூலக்கூறு ஒன்றில், ஒரு பிணைப்பைத் திருப்பிவிடுகிறது. அந்த வேலை ஒரு வினாடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். அயனியின் பயணம் முடிய ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு வினாடி ஆகிறது. ஒளியின் வேலை முடிவதற்கு ஆகும் நேரத்தைப் போல ஆயிரம் கோடி மடங்குக்கும் மேலான நேரம் அது. இந்த நீண்ட இடைவேளையில் புரதம் தனியாக என்ன செய்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

உயிரணு ஏன் அயனியை இறைக்கிறது?

ஒவ்வோர் உயிரணுவையும் மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று சூழ்ந்திருக்கிறது. அதன் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். மின்னூட்டம் கொண்ட துகள்கள் இந்தப் படலத்தை எளிதில் கடக்க முடியாது. சோடியம், குளோரைடு, புரோட்டான் எதுவானாலும், தனக்கென ஒரு புரதம் வழிவிட்டால்தான் உள்ளே வரலாம், வெளியே போகலாம்.

இந்தத் தடையே உயிரணுவுக்கு ஆற்றலைச் சேமிக்கும் வழியாகிறது. புரோட்டான்களை, அதாவது எலெக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன் அணுக்களை, உள்ளிருந்து வெளியே அனுப்பிக்கொண்டே இருந்தால் இரண்டு விளைவுகள் சேர்ந்து நிகழும். வெளியே புரோட்டான்களின் செறிவு கூடும். உட்புறம் வெளிப்புறத்தைவிட எதிர்மின் தன்மை அடையும். வெளியே உள்ள புரோட்டானுக்கு உள்ளே திரும்ப இப்போது இரண்டு காரணங்கள் உண்டு: செறிவு வேறுபாடு ஒன்று, மின் ஈர்ப்பு மற்றொன்று. அது திரும்பி வருவதற்கு உயிரணு திறந்து வைத்திருக்கும் முக்கிய வழி ஏடிபி சிந்தேஸ் என்ற புரதம். புரோட்டான்கள் அதன் வழியே இறங்கும்போது அதன் ஒரு பகுதி உண்மையிலேயே சுழல்கிறது. அந்தச் சுழற்சியில்தான் உயிரணுவின் எல்லா வேலைகளுக்கும் செலவாகும் ஏடிபி மூலக்கூறு உருவாகிறது. ஓர் ஏடிபிக்குத் தோராயமாக 3 அல்லது 4 புரோட்டான்கள் தேவை.

நம் உடலின் மைட்டோகாண்ட்ரியாவும் இதே முறையைத்தான் பின்பற்றுகிறது. உணவிலிருந்து எடுத்த எலெக்ட்ரான்களை ஆக்சிஜன்வரை கொண்டு சேர்க்கும் வழியில் அது புரோட்டான்களை இறைக்கிறது. தாவரங்களின் பசுங்கணிகம் பச்சையத்தின் துணையுடன் அதையே செய்கிறது. இரண்டுமே பல புரதத் தொகுதிகள் கைகோத்துச் செய்யும் பெரிய ஏற்பாடுகள். ஆனால் சில நுண்ணுயிர்கள் இதே வேலையை ஒற்றைப் புரதத்தால் செய்துவிடுகின்றன. அதனால்தான் இவை என்னை இந்த அளவுக்கு ஈர்க்கின்றன. உயிரியலில் ஆற்றல் மாற்றத்தை இதைவிட எளிய வடிவில் பார்க்க இடம் கிடைப்பது அரிது.

ஒன்றை இங்கேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். இது முழுமையான ஒளிச்சேர்க்கை அல்ல. கரியமில வாயுவைச் சர்க்கரையாக மாற்றும் பகுதி இதில் இல்லை. இந்தப் பம்பு உயிரணுவுக்கு ஆற்றலைத் தருகிறது, உணவைத் தருவதில்லை. இதை வைத்திருக்கும் பெரும்பாலான நுண்ணுயிர்கள் உடலைக் கட்டுவதற்கான கார்பனை வெளியிலிருந்து கரிமப் பொருளாகத்தான் எடுத்துக்கொள்கின்றன.

ஊதா நிறச் சவ்வு

உப்பு கிட்டத்தட்ட படியும் நிலைக்கு வந்துவிட்ட நீரிலும் ஹாலோபாக்டீரியம் சலினாரம் என்ற நுண்ணுயிர் வாழ்கிறது. பெயரில் பாக்டீரியா இருந்தாலும் இது ஆர்க்கியா என்ற தனிப் பிரிவைச் சேர்ந்தது. உப்பு மிகுந்த நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். ஆக்சிஜன் தட்டுப்பாடு வரும்போது இந்த உயிரி தன் சவ்வில் ஊதா நிறத் திட்டுகளை உருவாக்கிக்கொள்கிறது.

1971இல் டீட்டர் ஓஸ்டர்ஹெல்ட்டும் வால்டர் ஸ்டோக்கேனியஸும் அந்த ஊதாத் திட்டுகளைப் பிரித்து ஆராய்ந்து ஒரு செய்தியை வெளியிட்டார்கள். திட்டுகளில் இருந்த புரதம் ஒரே வகைதான். அதற்கு நிறம் கொடுத்த பொருள் ரெட்டினல். அதுவரை ரெட்டினல் விலங்குகளின் கண்ணில் பார்வைக்குப் பயன்படும் பொருளாக மட்டுமே அறியப்பட்டிருந்தது. கண் என்ற உறுப்பே இல்லாத ஒற்றை உயிரணுவில் அதற்கு என்ன வேலை? விலங்குகளின் விழித்திரைப் புரதமான ரோடாப்சினை ஒத்திருந்ததால் இதற்கு பாக்டீரியோரோடாப்சின் என்று பெயர் வைத்தார்கள். 1973இல் அவர்களே அதன் வேலையையும் முன்வைத்தார்கள்: இது ஒளியால் இயங்கும் புரோட்டான் பம்பு. ஒளி பட்டபோது உயிரணுக்களைச் சூழ்ந்திருந்த திரவத்தின் அமிலத்தன்மை கூடியது. புரோட்டான்கள் வெளியே வருகின்றன என்பதற்கு அது நேரடிச் சான்று.

அடுத்த ஆண்டு நடந்த ஒரு சோதனையை நான் உயிரியலின் அழகான சோதனைகளில் ஒன்றாகக் கருதுகிறேன். பீட்டர் மிட்செல் 1961இல் ஒரு கருத்தை முன்வைத்திருந்தார். ஏடிபி உருவாவதற்கும் உணவை எரிக்கும் வினைகளுக்கும் இடையே வேதிப் பொருள் எதுவும் தூது போவதில்லை, சவ்வின் இருபுறமும் உள்ள புரோட்டான் வேறுபாடே இரண்டையும் இணைக்கிறது என்றார் அவர். பலர் அதை ஏற்கவில்லை. 1974இல் எஃப்ரைம் ராக்கரும் ஸ்டோக்கேனியஸும் சோயாவிலிருந்து எடுத்த கொழுப்புகளால் நுண்ணிய குமிழிகளைச் செய்தார்கள். அவற்றின் சுவரில் உப்புநீர் நுண்ணுயிரின் பாக்டீரியோரோடாப்சினைப் பதித்தார்கள். கூடவே மாட்டின் இதயத்திலிருந்து பிரித்த ஏடிபி சிந்தேஸையும் சேர்த்தார்கள். ஒளியைப் பாய்ச்சியதும் ஏடிபி உருவானது. ஆர்க்கியாவின் புரதத்துக்கும் மாட்டின் புரதத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்க வாய்ப்பே இல்லை. இரண்டுக்கும் பொதுவாக அங்கே இருந்தது புரோட்டான் வேறுபாடு ஒன்றுதான். மிட்செல் 1978இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

ஏழு சுருள்களும் ஒரு நிறமியும்

பாக்டீரியோரோடாப்சின் 248 அமினோ அமிலங்களால் ஆன சிறிய புரதம். இந்தச் சங்கிலி சவ்வின் குறுக்கே ஏழு முறை மேலும் கீழும் சென்று ஏழு சுருள்களாக நிற்கிறது. இந்த ஏழு சுருள் அமைப்பை 1975இல் ரிச்சர்ட் ஹெண்டர்சனும் நைஜல் அன்வினும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் முதன்முதலில் கண்டார்கள். ஊதாச் சவ்வில் இந்தப் புரதம் படிகம் போல ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தது அவர்களுக்குப் பெரும் உதவியாக இருந்தது. 1990இல் ஹெண்டர்சன் குழு தனித்தனி அமினோ அமிலங்களை இனம்காணும் அளவுக்கு அந்தப் படத்தைக் கூர்மையாக்கியது. 2017இல் அவருக்கும் வேறு இருவருக்கும் வழங்கப்பட்ட வேதியியல் நோபல் பரிசின் வேர்களில் இந்தப் பணியும் ஒன்று.

ஏழு சுருள்களுக்கு நடுவே, சவ்வின் தடிமனில் ஏறக்குறைய பாதி ஆழத்தில், ரெட்டினல் அமர்ந்திருக்கிறது. பீட்டா கரோட்டினை நடுவில் வெட்டினால் கிடைப்பது இது: ஒரு முனையில் வளையம், அதிலிருந்து நீளும் கார்பன் சங்கிலி. அந்தச் சங்கிலியின் மறுமுனை, புரதத்தின் 216ஆம் இடத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தோடு ஒரு நைட்ரஜன் அணு வழியாகப் பிணைந்திருக்கிறது. வேதியியலாளர்கள் இந்தப் பிணைப்பை ஷிஃப் காரம் என்பார்கள். நான் இதை இணைப்பு நைட்ரஜன் என்றே அழைக்கப்போகிறேன். ஓய்வு நிலையில் இந்த நைட்ரஜன் ஒரு புரோட்டானைப் பிடித்துக்கொண்டு நேர்மின் தன்மையோடு இருக்கிறது. இனி வரும் எல்லாமே இந்த ஒரு புள்ளியைச் சுற்றித்தான்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். தனியாக இருக்கும் ரெட்டினல் புற ஊதாவுக்கு அருகில்தான் ஒளியை உறிஞ்சும். நைட்ரஜனோடு பிணைந்து, அந்த நைட்ரஜன் புரோட்டானையும் ஏற்று, சுற்றியுள்ள அமினோ அமிலங்களின் மின்புலமும் சேர்ந்துகொள்ளும்போது, அது உறிஞ்சும் ஒளி 568 நானோமீட்டர்வரை நகர்ந்துவிடுகிறது. அது பசுமஞ்சள் ஒளி. அதை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் சவ்வு ஊதாவாகத் தெரிகிறது. இணைப்பு நைட்ரஜன் தன் புரோட்டானை இழந்தால் நிறமும் உடனே மாறிவிடும். ஆராய்ச்சியாளர்களுக்கு இது பெரிய கொடை. புரதத்துக்குள் புரோட்டான் இப்போது எங்கே இருக்கிறது என்பதை நிறத்தை வைத்தே பின்தொடர முடிகிறது.

ஒரு சுற்று

இப்போது ஒரு ஃபோட்டான், அதாவது ஒளியின் ஒரு துகள், வந்து சேர்கிறது. ரெட்டினலின் சங்கிலி நேராக நீண்டிருக்கிறது. ஒளியை உறிஞ்சியதும், 13ஆம் கார்பனுக்கும் 14ஆம் கார்பனுக்கும் இடையிலான இரட்டைப் பிணைப்பு திரும்பி, சங்கிலி அந்த இடத்தில் மடங்குகிறது. இதற்கு ஆகும் நேரம் சுமார் அரை பிகோவினாடி (ஒரு வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் ஒரு பிகோவினாடி). ஒளியின் பங்கு இத்தோடு முடிந்தது.

ஆனால் ரெட்டினல் இருக்கும் குழி நேரான சங்கிலிக்கு ஏற்ற வடிவத்தில் உள்ளது. மடங்கிய சங்கிலி அதில் சரியாகப் பொருந்தாமல் இறுகி முறுக்கிக்கொண்டு நிற்கிறது. ஒளியின் ஆற்றலில் ஒரு பகுதி இந்த முறுக்கத்தில்தான் தங்கியிருக்கிறது. புரதம் இனிச் செய்யும் ஒவ்வோர் அசைவும் இந்த முறுக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தும் முயற்சியே.

இணைப்பு நைட்ரஜனுக்கு அருகே, வெளிப்புறத்தை நோக்கிய பக்கத்தில், 85ஆம் இடத்தில் ஓர் அஸ்பார்டிக் அமிலம் எதிர்மின் தன்மையோடு காத்திருக்கிறது. இடையே ஒரு நீர் மூலக்கூறு இருவரையும் பிணைத்து வைத்திருக்கிறது. ரெட்டினல் மடங்கியதும் இந்த ஏற்பாடு குலைகிறது. சில பத்து மைக்ரோவினாடிகளில் நைட்ரஜன் தன் புரோட்டானை அஸ்பார்டிக் 85இடம் விட்டுவிடுகிறது. புரதம் ஊதாவிலிருந்து மஞ்சளாக மாறும் தருணம் இது. உறிஞ்சும் ஒளி 412 நானோமீட்டருக்குத் தாவிவிடும்.

ஏறத்தாழ இதே வேளையில் ஒரு புரோட்டான் உயிரணுவுக்கு வெளியே வருகிறது. இங்கே பலரும் தடுமாறுவது இயல்பு: வெளியே வந்த புரோட்டானும் நைட்ரஜன் விட்ட புரோட்டானும் ஒன்றல்ல. வெளிவாசலை ஒட்டி 194, 204 ஆகிய இடங்களில் உள்ள இரு குளுட்டாமிக் அமிலங்களும் அங்குள்ள நீர் மூலக்கூறுகளும் சேர்ந்து ஒரு புரோட்டானை முன்பே வைத்திருந்தன. அஸ்பார்டிக் 85இன் மின்னூட்டம் மறைந்ததும் அதன் விளைவு அங்கும் எட்டி, வைத்திருந்த புரோட்டானை அவை விட்டுவிடுகின்றன. ஒரு துகள் முனைக்கு முனை ஓடிக் கடப்பதில்லை. ஒவ்வோர் இடத்திலும் இருந்த புரோட்டான் அடுத்த இடத்துக்கு நகர்கிறது, மொத்தத்தில் ஒன்று உள்ளிருந்து வெளியே போனதாகக் கணக்கு முடிகிறது.

இப்போது நைட்ரஜன் வெறுமையாக இருக்கிறது. அது மீண்டும் ஒரு புரோட்டானைப் பெற வேண்டும். மிக அருகில் இருப்பதோ இப்போதுதான் கொடுத்த அஸ்பார்டிக் 85. அதனிடமிருந்தே திரும்ப வாங்கிக்கொண்டால் சுற்று வீணாகிவிடும். ஒளி வீண், உழைப்பு வீண், ஒரு புரோட்டான்கூட இடம் மாறியிருக்காது. பம்பு என்று இதை அழைக்கத் தகுதி தருவது அடுத்து நடப்பதுதான். இரண்டு கதவுகள் உள்ள ஒரு சிறு அறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கதவு உள்ளே திறக்கும், மற்றொன்று வெளியே திறக்கும். ஒரு கதவு சாத்தப்பட்ட பிறகே மறு கதவு திறக்கும், இரண்டும் ஒருசேரத் திறப்பதே இல்லை. நைட்ரஜன் இதுவரை வெளிக்கதவோடு தொடர்பில் இருந்தது. இப்போது ரெட்டினல் சங்கிலி சற்றே நிமிர்ந்து, நைட்ரஜனின் முகம் உட்பக்கத்துக்குத் திரும்புகிறது. ஆறாவது சுருளின் உள்முனை வெளியே விலகுகிறது. அதுவரை வறண்டு இறுகிக் கிடந்த உட்பாதியில் நீர் மூலக்கூறுகளுக்கு இடம் கிடைக்கிறது.

அந்த உட்பாதியில் 96ஆம் இடத்தில் இன்னோர் அஸ்பார்டிக் அமிலம் இருக்கிறது. ஓய்வு நிலையில் அது தன் புரோட்டானை எதற்கும் விட்டுக்கொடுக்காமல் பிடித்துவைத்திருக்கும். சுருள் விலகி நீர் வந்ததும் அந்தப் பிடி தளர்கிறது. அது தன் புரோட்டானை நைட்ரஜனுக்குக் கொடுத்துவிட்டு, உயிரணுவின் உள்ளிருந்து புதிதாக ஒன்றை எடுத்துக்கொள்கிறது. இதற்குள் சில மில்லிவினாடிகள் ஆகிவிட்டன. பிறகு ரெட்டினல் மீண்டும் நேராகிறது, அஸ்பார்டிக் 85 தான் வாங்கியிருந்த புரோட்டானை வெளிவாசல் குழுவுக்கு அனுப்புகிறது, சுருள் தன் இடத்துக்குத் திரும்புகிறது. சுமார் 10 மில்லிவினாடிகளில் எல்லாம் பழையபடி. அடுத்த ஃபோட்டானுக்குப் புரதம் தயார்.

இதில் எந்தப் படியும் தனியாக வியப்பளிப்பதல்ல. அமிலம் புரோட்டானை விடுவதும் வாங்குவதும் பள்ளி வேதியியல். ஒவ்வோர் அமிலமும் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் என்பது சுற்றின் நடுவே மாறுகிறது என்பதுதான் இந்தப் புரதத்தின் சாமர்த்தியம். வாங்குகிறவர் வாங்க வேண்டிய நேரத்தில் ஆவலோடு இருக்கிறார், கொடுக்கிறவர் கொடுக்க வேண்டிய நேரத்தில் தளர்ந்து கொடுக்கிறார். இந்த வரிசையைக் கெடுத்துப் பார்த்தும் சோதித்திருக்கிறார்கள். அஸ்பார்டிக் 96ஐ நீக்கி, புரோட்டானை வைத்திருக்க முடியாத அஸ்பாராஜினை அங்கே வைத்தால், உள்ளிருந்து புரோட்டான் வந்து சேர்வது பெரிதும் தாமதமாகிறது. மில்லிவினாடிகளில் கடந்துபோக வேண்டிய மஞ்சள் நிலை பல மடங்கு நேரம் நீடிக்கிறது. அஸ்பார்டிக் 85ஐ அப்படி மாற்றினால் பம்பு நின்றே போகிறது.

இந்த அசைவுகளை அணு அணுவாகப் பார்ப்பதும் இன்று முடிகிறது. 2016இல் ஜப்பானின் சாக்லா எக்ஸ் கதிர் லேசர் நிலையத்தில், நுண்படிகங்களில் இருந்த பாக்டீரியோரோடாப்சினை ஒளியால் தூண்டி, நானோவினாடிகள் முதல் மில்லிவினாடிகள் வரை பல கணங்களில் அதன் அமைப்பைப் பதிவுசெய்தார்கள். ரெட்டினலின் நெளிவு சுற்றியுள்ள சுருள்களுக்குப் பரவுவதை அந்தத் தொடர் படங்களில் காணலாம்.

ஆற்றல் கணக்கு

568 நானோமீட்டர் ஒளியின் ஒரு ஃபோட்டானில் சுமார் 2.2 எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றல் உண்டு. சவ்வின் இருபுற வேறுபாடு 250 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொண்டால், அதை எதிர்த்து ஒரு புரோட்டானை ஏற்ற 0.25 எலெக்ட்ரான்வோல்ட் போதும். அதாவது ஒன்பதில் ஒரு பங்குதான் சேமிப்பாகிறது, மற்றது வெப்பமாகப் போகிறது. இதைத் திறமைக் குறைவு என்று சொல்லிக் கடந்துபோவதை நான் ஏற்கமாட்டேன். பின்னோக்கித் திரும்ப முடியாதபடி ஒரு சுற்றை நடத்த வேண்டுமென்றால் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் ஆற்றலை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். வெளியே புரோட்டான்கள் நிறைந்து எதிர் அழுத்தம் கூடியபோதும் பம்பு தொடர்ந்து வேலை செய்வது அந்தத் தாராளத்தால்தான்.

ஓர் எழுத்து மாறினால் வேறு பம்பு

உப்புநீரில் வாழும் அதே ஹாலோபாக்டீரியத்திடம் இன்னொரு பம்பும் உண்டு: ஹாலோரோடாப்சின். அதே ஏழு சுருள்கள், அதே ரெட்டினல், அதே லைசின். ஆனால் இது குளோரைடு அயனியை வெளியிலிருந்து உள்ளே கொண்டுவருகிறது. திசை தலைகீழானது போலத் தோன்றலாம். மின்கணக்கில் பார்த்தால் இரண்டும் ஒரே விளைவைத்தான் தருகின்றன: நேர்மின் துகளை வெளியேற்றினாலும் எதிர்மின் துகளை உள்ளிழுத்தாலும் உட்புறம் எதிர்மின் தன்மை அடைகிறது. அதோடு, இவ்வளவு உப்பான நீரில் உயிரணு வளரும்போது உள்ளேயும் உப்புச் செறிவை ஈடுகட்ட வேண்டும். அதற்கும் குளோரைடு தேவை.

ஹாலோரோடாப்சினில் 85ஆம் இடத்துக்கு நிகரான இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் கிடையாது. மின்னூட்டமற்ற திரியோனின் இருக்கிறது. அந்த வெற்றிடத்தில் குளோரைடு அயனியே வந்து அமர்ந்து, நேர்மின் நைட்ரஜனுக்கு எதிர்த்துணை ஆகிறது. ஒளி பட்டு ரெட்டினல் மடங்கும்போது நைட்ரஜன் தன் புரோட்டானை விடுவதில்லை, வாங்கிக்கொள்ளத்தான் யாரும் இல்லையே. அது முகம் திரும்பும்போது குளோரைடு அதன் ஈர்ப்பில் உட்பக்கம் இடம் மாறி, பின்பு உயிரணுவுக்குள் சென்றுவிடுகிறது. இந்த விளக்கத்தை 1995இல் ஒரு சோதனை அசைக்க முடியாதபடி உறுதிசெய்தது. பாக்டீரியோரோடாப்சினில் அந்த ஒரே ஓர் அஸ்பார்டிக் அமிலத்தைத் திரியோனினாக மாற்றினார்கள். 248இல் ஒன்றே ஒன்று. புரோட்டானை வெளியேற்றிய புரதம் குளோரைடை உள்ளிழுக்கத் தொடங்கியது.

சோடியம் பம்பு நீண்ட காலம் சாத்தியமற்றதாகவே கருதப்பட்டது. காரணம் எளிது. பாதையின் நடுவில் நேர்மின் நைட்ரஜன் உட்கார்ந்திருக்கிறது; சோடியமும் நேர்மின் அயனி. ஒன்றையொன்று விலக்கும் இரண்டு துகள்களில் ஒன்று மற்றொன்றைத் தாண்டிப் போவது எப்படி? 2013இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு கடல் பாக்டீரியாவில் அதைச் செய்யும் புரதத்தைக் கண்டறிந்தார்கள். கேஆர்2 என்பது அதன் பெயர். அதன் தீர்வு இதுதான்: ரெட்டினல் மடங்கியதும் நைட்ரஜனின் புரோட்டான் அருகிலுள்ள அஸ்பார்டிக் அமிலத்துக்குச் சற்று நேரம் ஒதுங்கிக்கொள்கிறது. நைட்ரஜன் மின்னூட்டம் இழக்கிறது, தடை விலகுகிறது, உள்ளிருந்து வந்த சோடியம் கடந்துபோகிறது. உடனே புரோட்டான் நைட்ரஜனுக்கே திரும்பிவிடுகிறது. தடை மீண்டும் எழுந்து, கடந்துபோன சோடியத்தால் திரும்பிவர முடியாமல் போகிறது. முன்பு பயணியாக இருந்த புரோட்டான் இங்கே வாயிற்காவலாக வேலை பார்க்கிறது. பாக்டீரியோரோடாப்சினில் வீண் சுற்று என்று நாம் அஞ்சிய அதே செயல், வாங்கியவரிடமிருந்தே திரும்ப வாங்குவது, இந்தப் புரதத்தில் பம்பின் மையமாகிவிட்டது. சுற்றிலும் சோடியம் இல்லாவிட்டால் கேஆர்2 புரோட்டானை இறைக்கிறது.

ரெட்டினலைக் கொண்ட இந்தப் புரதங்களுக்குப் பொதுப்பெயர் ரோடாப்சின்; புரோட்டானை உள்நோக்கி இறைக்கும் ரோடாப்சின்களும் இருக்கின்றன. பார்வுலார்குலா ஓசியானி என்ற கடல் பாக்டீரியாவில் 2016இல் விவரிக்கப்பட்டது அவற்றில் ஒன்று. அதில் நைட்ரஜன் விடும் புரோட்டானை வாங்கும் அமினோ அமிலம் உட்பக்கத்தில் இருக்கிறது. ஒளி அதே ஒளி, மடங்குவதும் அதே ரெட்டினல்.

கடல் முழுவதும்

2000ஆம் ஆண்டுவரை இவை உப்புநீர் ஆர்க்கியாவின் விந்தைகளாகவே பேசப்பட்டன. அந்த ஆண்டில் ஓடெட் பேஜாவும் எட்வர்ட் டிலாங்கும் அவர்களுடைய குழுவினரும், கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடா நீரிலிருந்து நேரடியாகப் பிரித்த டிஎன்ஏவில், சாதாரணக் கடல் பாக்டீரியா ஒன்றுக்குச் சொந்தமான ரோடாப்சின் மரபணுவைக் கண்டார்கள். புரோட்டியோரோடாப்சின் என்று அதற்குப் பெயரிட்டார்கள். அதன் பிறகு தேடிய கடல்களில் எல்லாம் அது கிடைத்தது. கடற்பரப்பில் மிகுதியாக வாழும் எஸ்ஏஆர்11 பாக்டீரியாக்களிடமும் அது இருக்கிறது.

மேற்பரப்பில் வாழ்பவற்றின் புரதம் பச்சை ஒளியையும், ஆழத்தில் வாழ்பவற்றின் புரதம் நீல ஒளியையும் உறிஞ்சுகிறது. கடலில் ஆழமாகச் செல்லும் ஒளி நீலம்தான். இந்த நிற வேறுபாட்டைப் பெரும்பாலும் தீர்மானிப்பது 105ஆம் இடத்து அமினோ அமிலம் ஒன்றே: லூசின் என்றால் பச்சை, குளுட்டமின் என்றால் நீலம். உப்புநீரில் வாழும் சலினிபாக்டர் ரூபர் இன்னும் ஒரு படி போகிறது. அதன் சாந்தோரோடாப்சின், ஒரு கரோட்டினாய்டு நிறமியைத் தன் பக்கவாட்டில் ஒட்டிவைத்துக்கொண்டு, ரெட்டினலால் உறிஞ்ச முடியாத ஒளியையும் அதன் வழியாகப் பெற்றுக்கொள்கிறது. 2005இல் இது வெளியானது.

இவ்வளவு பரவலுக்குக் காரணம் எளிமைதான் என்று கருதுகிறேன். பச்சைய முறையைக் கடன் வாங்க ஒரு நுண்ணுயிருக்கு மரபணுக்களின் பெரிய கூட்டமே வேண்டும். இதற்கோ புரதத்துக்கு ஒரு மரபணுவும், ரெட்டினல் செய்ய ஒரு சிலவும் போதும். 2007இல் ஓர் ஆய்வுக்குழு புரோட்டியோரோடாப்சினை ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து, அதன் சுவாசத்தை நச்சால் தடுத்தது. பாக்டீரியா நீந்த உதவும், புரோட்டான் வேறுபாட்டால் சுழலும் கசையிழைகள் அப்போது தளர்ந்தன. ஒளி பட்டதும் மீண்டும் வேகமெடுத்தன. விப்ரியோ வகைக் கடல் பாக்டீரியா ஒன்றை உணவின்றி வைத்து ஆராய்ந்த 2010ஆம் ஆண்டு ஆய்வில், இருளில் இருந்தவற்றைவிட ஒளியில் இருந்தவை நன்றாகத் தாக்குப்பிடித்தன. புரோட்டியோரோடாப்சின் மரபணுவை நீக்கியதும் அந்த நன்மை மறைந்துபோனது.

பம்பும் கால்வாயும்

ஒளியால் திறக்கும் இன்னொரு புரதக் குடும்பம் உண்டு. இதனோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுவது. கிளாமிடோமோனாஸ் என்ற பச்சைப் பாசியில் கண்டறிந்து 2002, 2003 ஆண்டுகளில் விவரிக்கப்பட்ட சேனல்ரோடாப்சின்கள் அவை. அமைப்பில் நெருங்கிய உறவு, செயலில் வேறு. ஒளி பட்டதும் அவற்றில் பாதை முனைக்கு முனை திறந்துவிடுகிறது. ஒரு ஃபோட்டானுக்குப் பல அயனிகள் பாயும். ஆனால் செறிவும் மின்னழுத்தமும் எந்தப் பக்கம் இழுக்கின்றனவோ அந்தப் பக்கம் மட்டும்தான். பம்பில் ஒரு ஃபோட்டானுக்கு அதிகபட்சம் ஓர் அயனி. ஆனால் இயல்பாகப் பாயும் திசைக்கு எதிராக.

நரம்பணுக்களை ஒளியால் இயக்கும் ஆய்வுகளில் இந்த வேறுபாடு நேரடியாகக் கைக்கு வருகிறது. 2005இல் சேனல்ரோடாப்சினை நரம்பணுவில் வைத்து ஒளியால் அதைத் தூண்டினார்கள். 2007இல் ஹாலோரோடாப்சினை வைத்து, குளோரைடை உள்ளே இறைத்து, நரம்பணுவை ஒளியால் அடக்கினார்கள். ஒரு ஃபோட்டானுக்கு ஓர் அயனி என்பதால், அடக்கி வைத்திருக்கும் நேரம் முழுக்க ஒளி வலுவாகப் பாய்ந்துகொண்டே இருக்க வேண்டும். 2015இல் குயிலார்டியா தீட்டா என்ற பாசியிலிருந்து எதிர்மின் அயனிகளுக்கான ஒளிக் கால்வாய்கள் கிடைத்தபோது, அதே அடக்கும் வேலைக்கு மிகக் குறைந்த ஒளி போதுமானது. ஆனால் நரம்பிழையின் முனைகளில் சில வேளைகளில் உட்பக்கம் குளோரைடு அதிகமாக இருக்கும். அங்கே கால்வாயைத் திறந்தால் குளோரைடு வெளியே பாய்ந்து, அடங்க வேண்டிய முனை தூண்டப்பட்டுவிடுகிறது. ஹாலோரோடாப்சின் அந்த முனையிலும் குளோரைடை உள்ளேதான் கொண்டுவருகிறது.